அரை நாள் வேலையும் முழு நாள் முதுமையும்

பென்ஷன் என்ற சொல் எந்தத் தேசத்திலிருந்து கப்பலேறி வந்ததாயிருந்தாலும் சரி, நம்முடைய குடும்பங்களில் அதற்கு ஒரு குலதெய்வத்தின் மரியாதை உண்டு. வரன் பார்க்கிறபோது, பெண்ணைப் பெற்றவர்கள் பையனுக்குச் சம்பளம் எவ்வளவு என்று விசாரிப்பார்கள். தொகையைக் கேட்டுத் திருப்தியடைந்து எல்லாரும் காப்பித் தம்ளரைக் கையில் எடுக்கிற சமயத்தில், கூடத்து மூலையிலிருந்து பாட்டி ஒருத்தி, "அதெல்லாம் சரிதான், பின்னால் பென்ஷன் உண்டோ?" என்பாள். பாட்டிக்குப் பொருளாதார சாஸ்திரம் தெரியாது. ஆனால் கை ஓய்ந்த பிறகும் வயிறு ஓயாது என்பது தெரியும்.

எங்கள் தெருவில் ஒரு பழைய தலைமைக் குமாஸ்தா இருக்கிறார். ரிடையராகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாதம் பிறந்தால் கைபேசியில் பணம் வந்த செய்தி வரும். அதை அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தரமும், கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தரமும் படிப்பார். வருஷத்துக்கு ஒரு முறை தாம் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டியிருப்பதில் மாத்திரம் அவருக்குச் சிறிது மனஸ்தாபம். "எதிரே நின்று பேசுகிறேன், என்னையே எனக்குச் சாட்சி கேட்கிறார்களே!" என்பார். அவர் சாப்பிடுவது மகன் வீட்டில்தான். ஆனால் பேரனுக்குப் பிறந்த நாள் சட்டை தம்முடைய பணத்தில் வாங்குகிறார். பென்ஷனுடைய மகிமை அந்தச் சட்டையில் இருக்கிறது. சோறு யார் வேண்டுமானாலும் போடலாம். கொடுக்கிற கை தம்முடையதாக இருக்க வேண்டும் என்றால் மாதாமாதம் ஏதோ கொஞ்சம் வரவேண்டும்.

நம்முடைய உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17-ஆம் தேதி, நகாரா என்ற ஓய்வு பெற்ற அதிகாரி தொடுத்த வழக்கில் இதையேதான் பெரிய வார்த்தைகளில் சொல்லிற்று. பென்ஷன் என்பது எஜமான் மனமிரங்கிக் கொடுக்கும் தானம் அல்ல. முன்பு செய்த வேலைக்காகச் சேர்ந்துவிட்ட உரிமை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அந்தத் தேதியைப் பென்ஷன்காரர்கள் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

நல்ல தீர்ப்புத்தான். செய்த வேலைக்கு உரிமை உண்டு என்றால், அரை நாள் செய்த வேலைக்கு அரை உரிமையாவது உண்டா இல்லையா? இந்தக் கேள்வி எனக்குச் சட்டப் புத்தகத்திலிருந்து கிடைக்கவில்லை. கும்மிடிப்பூண்டி ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சியில் கிடைத்தது.

நான் எழுதிக்கொண்டிருந்த ஒரு நாவலில் தொழிற்பேட்டை ஒன்று வருகிறது. தொழிற்பேட்டையைப் பார்க்காமலே எழுதிவிடுகிற சாமர்த்தியம் எனக்கு இல்லாதபடியால், சில நாட்கள் கும்மிடிப்பூண்டிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். சென்னையிலிருந்து வடக்கே ஓடுகிற புறநகர் ரயில்களில் பலவற்றுக்கு அதுதான் கடைசி ஊர். எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று உப்புக் காற்றும் வயற்காற்றும் மாறிமாறி வீசும் பிரயாணம். கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் எளாவூர், ஆரம்பாக்கம், அப்புறம் ஆந்திர தேசம். சிப்காட் வளாகத்துக்குள் நுழைந்தால் இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கிற ஆலைகளின் வெப்பம் ரோட்டிலேயே முகத்தில் அடிக்கிறது. தேநீர்க் கடையில் தமிழும் தெலுங்கும் ஹிந்தியும் ஒரே பாத்திரத்தில் கொதிக்கின்றன.

ஒரு நாள் மத்தியான ரயிலுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தாள். அறுபதை நெருங்குகிற வயசு. மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள், மறுபடி மடித்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"சார், படிச்சவர் மாதிரி இருக்கீங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா? கம்ப்யூட்டர் கடைப் பையன் 'ரிஜெக்ட் ஆயிருச்சு'ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு அனுப்பிட்டான்."

வாங்கிப் பார்த்தேன். சேமநல நிதி அலுவலகத்துக்கு அவள் போட்ட பென்ஷன் மனுவுக்குப் பதில். பத்து வருஷச் சேவை நிரம்பவில்லை. ஆகையால் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி இல்லை என்று இங்கிலீஷில் இரண்டு வரி. நான் தமிழில் சொன்னேன்.

"பத்து வருஷமா? பதினஞ்சு வருஷமா அதே கேட்டுக்குள்ளதான் சார் போயிட்டு வரேன்!" என்றாள்.

மெள்ள விசாரித்தேன். ஒரு தொழிற்சாலையில் காரியாலய அறைகளைப் பெருக்கித் துடைத்து, கழிப்பறைகளைக் கழுவுகிற வேலை. காலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை. தொழிற்சாலை அவளுக்கு நேரே சம்பளம் கொடுப்பதில்லை; காண்ட்ராக்டர் மூலம். பதினைந்து வருஷத்தில் நான்கு காண்ட்ராக்டர்கள் மாறினார்கள். கதவு மாறவில்லை; துடைப்பம் மாறவில்லை; துடைக்கிற கையும் மாறவில்லை. முதலில் வந்தவர் இவர்களுடைய பெயரை எந்தப் புஸ்தகத்திலும் எழுதவே இல்லை. அடுத்தவர் இரண்டு பேரும் எழுதினார்கள்; பி.எஃப். பிடித்தார்கள், கட்டவும் செய்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஒப்பந்தம் முடிந்து போகும்போது மேஸ்திரி வரிசையாகக் கையெழுத்து வாங்கி, "கணக்கை முடிச்சுப் பணத்தை எடுத்துக்கோங்க" என்றான். எடுத்துக்கொண்டார்கள்.

"முதல் தடவை முப்பதாயிரத்துக்கு மேல வந்துச்சு சார். வீட்டுக்குத் தகரம் போட்டேன். ரெண்டாவது தடவை வந்தது பொண்ணு பிரசவத்துக்குப் போச்சு. வந்த பணத்தை யாராச்சும் வேணாம்னுவாங்களா?"

யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தக் கையெழுத்தில்தான் விஷயம் இருக்கிறது. 1995 நவம்பர் 16-ஆம் தேதி அமலுக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், எஜமானர் கட்டுகிற பங்கிலிருந்து சம்பளத்தில் நூற்றுக்கு 8.33 வீதம் தனியே பிரிந்து பென்ஷன் நிதிக்குப் போகிறது. பத்து வருஷம் நிரம்புவதற்கு முன்னால் வேலையை விட்டவர்களுக்கு இரண்டு வழி வைத்திருந்தார்கள். ஒன்று, அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. மற்றொன்று, இத்தனை வருஷம் சேவை செய்தேன் என்று ஒரு சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த இடத்தில் அதைச் சேர்த்துக் கொள்வது. பணத்தை வாங்கினால் அந்த வருஷங்கள் அழிந்து போகும். சான்றிதழை வாங்கினால் பிழைத்திருக்கும். இரண்டுக்கும் படிவம் ஒன்றேதான், 10-சி என்று பெயர். எந்த இடத்தில் குறி போடுகிறோம் என்பதில் இருக்கிறது ஒரு மனுஷியின் கடைசிக் காலம். அந்த இடம் எது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

எழுதாமல் போனது சில வருஷம்; எழுதி அழித்தது பல வருஷம்; மிஞ்சியது மூன்று வருஷமும் சில மாதமும். 58 வயசில் அவளுக்குக் கிடைத்த கணக்கு அதுதான்.

2014-லிருந்து தொழிலாளிக்கு ஒரே எண் கொடுக்கிறார்கள். காண்ட்ராக்டர் மாறினாலும் எண் மாறாது. 2025 அக்டோபரில் நிதியின் மத்திய அறங்காவலர் குழு, வேலை போன இரண்டு மாதத்தில் பென்ஷன் பணத்தை எடுத்துவிடலாம் என்றிருந்ததை முப்பத்தாறு மாதமாக நீட்டுவதென்று முடிவு செய்தது. ஓட்டை இருக்கிற இடம் அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் ஓட்டை வழியாக ஏற்கெனவே ஒழுகிப்போன வருஷங்கள் திரும்பி வரப் போவதில்லை.

"அப்பப் பத்து மணிக்கு மேல நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்களா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு சார்! பத்து மணிக்கு மேல ரெண்டு வீட்ல பாத்திரம், துணி. அது ஒரு மூணு மணி நேரம். சாயந்திரம் ஒரு டாக்டரம்மாவோட கிளினிக்கைப் பெருக்கித் துடைக்கணும். அது ரெண்டு மணி."

மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். நாலும் மூன்றும் இரண்டும் ஒன்பது. முழு நேர வேலைக்காரர் எட்டு மணி நேரம் வேலை செய்கிறார். பகுதி நேர வேலைக்காரி ஒன்பது மணி நேரம் வேலை செய்கிறாள்! ஒன்பது மணியும் ஒரே எஜமானரிடம் என்றால் அவளுக்கு உத்தியோகம் என்று பெயர் இருந்திருக்கும். மூன்று இடத்தில் பிரித்துச் செய்வதால் எங்கேயும் அவள் முழு மனுஷி இல்லை.

ரயில் வந்தது. காகிதத்தை மடியில் செருகிக்கொண்டு, "சரி சார், இருக்கிற மூணு வருஷப் பணத்தையாச்சும் கொடுப்பாங்க இல்ல?" என்று கேட்டுவிட்டுப் பெண்கள் பெட்டியில் ஏறிப் போய்விட்டாள்.

அவளுக்கு என்ன நஷ்டம் என்று அன்று இரவு கணக்குப் போட்டேன். இந்தத் திட்டத்தின் சூத்திரம் எளிது. கடைசிக் காலத்துச் சராசரிச் சம்பளத்தைச் சேவை வருஷத்தால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். சம்பளம் எவ்வளவானாலும் கணக்குக்கு எடுப்பதற்கு 2014-ல் வைத்த உச்சவரம்பு 15,000 ரூபாய். அந்த உச்சத்தில் பத்து வருஷம் இருந்தவருக்கு மாதம் 2,142 ரூபாய் வரும். அரை நாள் வேலைக்கு 4,000 ரூபாய் வாங்குகிறவள் பதினான்கு வருஷம் எழுத்தில் இருந்திருந்தால் 800 ரூபாய். ஆனால் 2014 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று விதித்தார்கள், ஆகையால் ஆயிரம்.

"இவ்வளவுதானா! ஆயிரம் ரூபாய்க்கா இத்தனை கட்டுரை?" என்று நேயர்கள் நினைக்கலாம். ஆயிரம் ரூபாய் ஒரு குடும்பம் ஹோட்டலில் ஒரு வேளை சாப்பிடுகிற செலவு என்பது உண்மைதான். மனுஷி உயிரோடு இருக்கிறவரை மாதாமாதம் வருகிற ஆயிரம் என்பது வேறு. அவளுக்குப் பின்னால் புருஷன் இருந்தால் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு. மாத்திரைக்கும் ரிக்ஷாவுக்கும் மருமகளிடம் கை நீட்டாமல் இருப்பதற்கு அது போதும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆதரவற்ற முதியோருக்குத் தமிழ்நாட்டு அரசு கொடுக்கும் உதவித் தொகையை 2023-ல் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். அது நல்ல காரியம். இன்னும் உயர வேண்டும் என்பதுதான் என் அபிப்பிராயம். ஆனால் உழைத்து, சம்பளத்தில் பிடித்தம் கொடுத்து, பத்து வருஷம் காத்திருந்தவளுக்கு விதித்த குறைந்தபட்சம் அதைவிடக் குறைவாக இருந்தால், உழைப்புக்கு நாம் வைத்திருக்கும் விலையைப் பற்றி என்ன சொல்வது?

அந்த உதவித் தொகைக்காவது அவள் முயற்சி செய்யலாம். தாலுகா ஆபீசில் ஆகவில்லை என்றால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாம். கலெக்டர் இருப்பது திருவள்ளூரில். கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூரும் ஒரே மாவட்டம் என்று பெயரே தவிர, ரயிலில் போவதானால் தெற்கே பேசின் பிரிட்ஜ் வரை வந்து, வண்டி மாறி, மறுபடி மேற்கே போக வேண்டும். அமாவாசைக்கு வீரராகவப் பெருமாளைச் சேவிக்கிற ஜனங்கள் அந்தச் சிரமத்தைப் பக்தியோடு பொறுத்துக்கொள்வார்கள். அரை நாள் கூலியை இழந்து மனுவோடு போகிறவளுக்குப் புண்ணியமும் நிச்சயமில்லை, பணமும் நிச்சயமில்லை.

தனியார் காண்ட்ராக்டர்களைக் குறை சொல்லிவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. சர்க்காருடைய புஸ்தகத்தைப் புரட்டினால் அங்கேயும் இதே கதைதான். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978-ல் வந்தவை. அதில் பதினோராவது விதி, சில்லறைச் செலவினத்தில் சம்பளம் வாங்கிப் பிறகு நிரந்தரமானவர்களுக்கு, அந்தப் பழைய சேவையில் பாதியைப் பென்ஷனுக்குச் சேர்த்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. தாராள மனசுதான். ஆனால் கூடவே ஒரு நிபந்தனை: அந்த வேலை முழு நேர வேலையாக இருந்திருக்க வேண்டும், நாளில் ஒரு பகுதி மட்டும் செய்ததாக இருக்கக் கூடாது. முழு நேரம் உழைத்தவருக்குப் பாதி; பாதி நேரம் உழைத்தவருக்குக் கால் என்றுதானே பள்ளிக்கூடத்தில் நமக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? இங்கே விடை பூஜ்யம்.

2012-ல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி இவற்றுக்கெல்லாம் 16,549 பகுதி நேர ஆசிரியர்களை நியமித்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள். மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். பிறகு தொகை படிப்படியாக ஏறியது. முப்பது வயசில் சேர்ந்த ஓவிய ஆசிரியர் ஐம்பதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார். அவர் வரையக் கற்றுக்கொடுத்த பிள்ளைகளில் சிலர் பென்ஷனுள்ள உத்தியோகத்துக்குக்கூடப் போயிருப்பார்கள். பகுதி நேரம் என்ற பெயர் மாத்திரம் அவரை விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பெயரின் வேஷத்தை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ஒரு முறை கலைத்துக் காட்டியது. மத்திய நீர்வள ஆணையத்தின் அலுவலகம் ஒன்றில் பெருக்கித் துடைத்தவர்களும், தோட்ட வேலை செய்தவரும், பகுதி நேரம், தற்காலிகம் என்ற பெயரிலேயே பல வருஷங்கள் உழைத்தார்கள். நிரந்தரமாக்கும்படி கேட்டதற்குப் பலன், 2018-ல் வேலையிலிருந்து நீக்கம். ஜக்கோ வழக்கு என்று அதற்குப் பெயர். தினந்தோறும் வேண்டியிருக்கிற வேலையைத் தற்காலிகம் என்று பெயரிட்டுவிட்டால் அது தற்காலிகமாகிவிடாது என்று சொல்லி, அவர்களை நிரந்தரமாக்க உத்தரவிட்டார்கள். நியாயம் கிடைத்தது, வழக்குப் போட முடிந்த நாலு பேருக்கு.

பிற தேசங்களில் எப்படி என்று பார்த்தால், அங்கேயும் இது தானாகக் கனிந்து விழுந்த பழம் அல்ல. ஜெர்மனியில் பில்கா என்ற பெரிய பல்பொருள் அங்காடி இருந்தது. அங்கே 1961-லிருந்து விற்பனைப் பெண்ணாக இருந்த வேபர் என்ற அம்மாள், 1972-ல் பகுதி நேரத்துக்கு மாறி, 1976-ல் வேலையை விட்டாள். பகுதி நேரக்காரர்கள் மொத்தம் இருபது வருஷத்தில் பதினைந்து வருஷம் முழு நேரம் உழைத்திருந்தால்தான் பென்ஷன் என்பது கம்பெனியின் விதி. ஆகையால் இல்லை என்றார்கள். வழக்கு லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போயிற்று. பகுதி நேரம் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆகையால் பகுதி நேரக்காரர்களை ஒதுக்குவது, தக்க காரணம் காட்டாவிட்டால், பெண்களை ஒதுக்குவதே ஆகும் என்று 1986-ல் தீர்ப்பாயிற்று. நம் ஊரிலும் துடைப்பத்தைப் பிடித்த கைகளை எண்ணிப் பாருங்கள். வேறு அத்தாட்சி வேண்டாம்.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் ரசமானது. ஓப்ரையன் என்பவர் 1978-லிருந்து 2005 வரை பகுதி நேர நீதிபதி. உட்கார்ந்த நாளுக்கு இவ்வளவு என்று சம்பளம். முழு நேர நீதிபதிகளுக்குப் பென்ஷன் உண்டு, இவருக்கு இல்லை. ஊருக்கெல்லாம் நீதி சொன்னவர் தமக்கு நீதி கேட்டுப் படியேறி, 2013-ல்தான் ஜயித்தார். இருபத்தேழு வருஷம் நீதிபதியாக இருந்தவருக்கே இந்தப் பாடு என்றால், கும்மிடிப்பூண்டியில் கழிப்பறை கழுவுகிற அம்மாளைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

இந்த வழக்குகளின் பின்னால் இருக்கும் நியாயம், 1994-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் எழுதி வைத்த பகுதி நேர வேலை உடன்படிக்கையிலும் இருக்கிறது: எவ்வளவு நேரமோ அவ்வளவு விகிதம். இந்தியா அதில் கையெழுத்து வைக்கவில்லை. ஆனால் விகிதம் என்பது நமக்குப் புதிதா? அரைப்படி அரிசி வாங்கினவனிடம், "முழுப்படி வாங்கினால்தான் அளப்பேன்" என்று எந்தச் செட்டியாரும் சொன்னதில்லை. அரை நாள் வேலைக்கு முழுப் பென்ஷன் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. அரைப் பென்ஷன் கொடுங்கள்; நான்கு இடத்தில் செய்ததைக் கூட்டிக் கொடுங்கள். அவ்வளவுதான். வேலை பகுதி நேரமாக இருக்கலாம். முதுமை பகுதி நேரமாக வருவதில்லை.

சட்டம் மாறுகிறவரை என்ன செய்வது? இதைப் படிக்கிறவர்களில் அநேகர் யாரோ ஒரு பகுதி நேர வேலைக்காரிக்கு எஜமானர்கள்தாம். வீட்டுப் பாத்திரம் தேய்க்கிறவளுக்கு நாம் பி.எஃப். பிடிப்பதில்லை, சட்டமும் கேட்பதில்லை. மத்திய அரசு 2019-ல் கொண்டு வந்த மாதம் 3,000 ரூபாய்த் திட்டத்தில் சேர வயசு நாற்பதைத் தாண்டியிருக்கக் கூடாது. அவர்களில் எத்தனையோ பேர் தாண்டிவிட்டவர்கள். ஆனால் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கென்று 2007-ல் தமிழ்நாட்டில் ஒரு நலவாரியம் ஏற்பட்டது. அதில் பதிவு செய்துகொண்டவர்கள் அறுபது வயசில் ஓய்வூதியத்துக்கு மனுச் செய்யலாம். பதிவைக் காலத்தில் புதுப்பித்துக்கொண்டும் வரவேண்டும். அவளுக்கு இது தெரியுமா என்று கேளுங்கள். தெரியாது என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் பிள்ளையைக் கணினி முன்னால் உட்காரச் சொல்லி, பக்கத்தில் அவளையும் உட்கார வையுங்கள்.

தொழிற்சாலையிலோ காரியாலயத்திலோ கணக்கு எழுதுகிற நேயர்களுக்கு ஒரு வார்த்தை. காண்ட்ராக்டர் மாறுகிற மாதத்தில் துப்புரவு வேலைக்காரர்கள் கையெழுத்துப் போட வரிசையில் நிற்பார்கள். யாருக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கிறது, பத்து நிரம்ப இன்னும் எவ்வளவு பாக்கி, பணத்தை எடுத்தால் எது போகும் என்று பேனாவை நீட்டுவதற்கு முன்னால் தமிழில் சொல்லுங்கள். கேட்டுவிட்டு அவர்கள் பணத்தை எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும். தகரம் போட வேண்டிய கூரை அவர்களுடையது. தெரிந்து எடுக்கட்டும். ஓர் ஆளுக்கு ஐந்து நிமிஷம் ஆகும்.